ஒரு புறாவுக்குப் பதினான்கு கமெண்ட்

1. கோவக்காய்

என் வேலை போகப்போகிறது என்ற செய்தியை எனக்குச் சொன்னவள் என் மனைவி சுகந்தி. ஒரு திங்கட்கிழமை காலை கோவக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். அது அப்படிப்பட்ட செய்தி என்பது அவளுக்குத் தெரியாது.

"நேத்து போவன்பள்ளி மார்க்கெட்ல பிலோமினா அக்காவப் பாத்தேங்க. உங்க ஸ்டான்லி சார் வீட்டம்மா. உங்க கதை வந்த புக்கு ஒண்ணு குடுத்துட்டேன்."

"காய் வாங்கப் போற எடத்துக்கு எதுக்குக் கதைப் புத்தகம்?"

"யாராவது தெரிஞ்சவங்க வந்தாக் காட்டலாம்னுதான். மூணு காப்பி கொண்டுபோனேன். மத்த ரெண்டுலயும் கொத்தமல்லி ஈரம் பட்டுருச்சு."

நான் நிம்மதியாகக் காபியைக் குடித்தேன். "அந்தம்மா அதை வச்சு என்ன பண்ணப்போகுது? தமிழ் படிக்கவா தெரியும்?"

"ஏன் தெரியாது? திருச்சியில படிச்சவங்க. சர்ச்சுல தமிழ்ப் பூசைக்கு வாசகம் வாசிக்கிறதே அவங்கதான். சாயங்காலம் சாருக்கும் வாசிச்சுக் காட்டுறேன்னாங்க. எவ்வளவு சந்தோசம் தெரியுமா அவங்களுக்கு!"

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். அந்தக் கதையே ஸ்டான்லி சாரைப் பற்றியதுதான்.

2. இரும்புப் பெட்டி

வேலை பார்த்துக்கொண்டே எழுத ஆசைப்படும் இளைஞர்கள் சிலர், "சொந்த அனுபவத்தை எப்படி சார் கதையாக்குறது?" என்று என்னைக் கேட்பதுண்டு. சிலர் என்றால் இரண்டு பேர். அதில் ஒருவன் என் தங்கை மகன். அவன் கேட்டது எங்கள் வீட்டில் மட்டன் பிரியாணி செய்த அன்று. இருந்தாலும் கேள்வி கேள்விதானே. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஹைதராபாத்தை ஒட்டிய பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனியில் க்யூ.ஏ., அதாவது தர உறுதிப் பிரிவில் டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். மாத்திரை செய்வது மற்றவர்கள் வேலை. செய்ததைச் செய்தபடி எழுதிவைத்தார்களா என்று பார்ப்பது என் வேலை. எங்கள் பிரிவின் வேதம் சின்னது. எழுதாதது நடக்கவில்லை. நடக்காததை எழுதக் கூடாது. யார் செய்தாரோ அவர் பெயரில்தான் எழுத வேண்டும். தவறாக எழுதிவிட்டால் ஒயிட்னர் பூசக் கூடாது, கிறுக்கி மறைக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் பழைய எழுத்து படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும்.

பகல் முழுக்க இப்படி உண்மையோடு குடும்பம் நடத்துகிறவன், போக வரக் கம்பெனி பஸ்ஸில் கதை எழுதுவேன். திருமுல்கேரியில் ஏறி பட்டான்செருவில் இறங்குவதற்குள் முக்கால் பக்கம் வரும். பாலாநகரில் டிராபிக் ஜாம் என்றால் ஒரு பக்கம். என் மிகச் சிறந்த பத்திகளுக்கெல்லாம் நான் டிராபிக் போலீசுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

மற்ற எழுத்தாளர்களுக்கு ஆறும் மலையும் வாய்த்தன. எனக்கு வாய்த்தது ஆபீஸ். அதையே எழுதினேன், பயமில்லாமல் எழுதினேன். ஏனென்றால் ஹைதராபாத்தில் தமிழ் எழுத்து என்பது பூட்டிய இரும்புப் பெட்டி. பஸ்ஸில் பக்கத்து சீட்டு வெங்கடேஷ் பல வருஷமாக என் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "மலையாளமா சார்?" என்று கேட்கிறான். என் மகளுக்குத் தமிழில் திட்டினால் புரியும், பதில் தெலுங்கில் வரும். எழுதிக் காட்டினால் புரியாது, பதிலும் வராது.

எங்கள் க்யூ.ஏ. ஹெட் ஸ்டான்லி சார் மூன்று தலைமுறையாகச் சிகந்தராபாத்காரர். வீட்டுப் பேச்சு தமிழ்தான். ஆமாம் என்பதற்கு 'ஹவ்' என்பார், வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்பார், ஏன் என்பதற்கு 'கைக்கு' என்பார், மீதியைத் தமிழில் சொல்வார். ஆனால் தமிழ் ஒரு எழுத்தும் படிக்க வராது. எனவே உலகத்திலேயே பயமில்லாமல் எழுதத் தகுந்த மனிதர் அவர்தான் என்று முடிவுகட்டியிருந்தேன். அவருக்கு ஒரு மனைவி இருப்பதையும் அந்த அம்மாவுக்கு ஒரு சொந்த ஊர் இருப்பதையும் நான் யோசிக்கவில்லை. கதைக்கு ரிஸ்க் அசெஸ்மென்ட் யார் போடுகிறார்கள்?

3. புறா

பத்து வருஷத்துக்கு முன்னால் உண்மையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வெளிநாட்டு ஆடிட்டர்கள் வர இரண்டு நாள் இருந்தது. மூலப்பொருள் கோடவுனில் ஷட்டர் திறந்திருந்த நேரம் பார்த்து ஒரு புறா உள்ளே வந்துவிட்டது. மருந்துக் கம்பெனி கோடவுனில் புறா என்றால் கல்யாணச் சாம்பாரில் பல்லி மாதிரி. அன்றைக்கே தெரிந்தது நல்லது என்று யாரும் ஆறுதல் சொல்ல மாட்டார்கள்.

மதியச் சாப்பாட்டு வேளை. கோடவுன் ஆட்கள் கேன்டீனுக்குப் போயிருந்தார்கள். அங்கே இருந்தது ஸ்டான்லி சாரும் நானும். அவர் ஒரு நீளக் கம்பை என் கையில் கொடுத்து, "தாமு, நீ அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம்" என்றார்.

எனக்குப் பறவைகள்மீது பிரியம் உண்டு, வானத்தில் இருக்கும்வரை. தலைக்கு மேல் படபடவென்று சிறகடித்தால் என் முழங்கால்கள் என்னைக் கேட்காமலே கிளம்பிவிடும். அந்தப் புறா ரேக்கின் உச்சியிலிருந்து நேராக என் தொப்பியை நோக்கி இறங்கியது. நான் கம்பைப் போட்டேன். பக்கத்தில் இருந்த கவுனிங் ரூமுக்குள், அதாவது சாம்பிள் எடுக்கப் போகிறவர்கள் அங்கி மாட்டிக்கொள்ளும் அறைக்குள், புகுந்தேன். உள்தாழ்ப்பாள் போட்டேன். பெஞ்சுக்கு அடியில் உட்கார்ந்தேன். அப்போது எனக்கு வயது நாற்பத்திரண்டு.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. மூன்று தடவை. "தாமு! ஏ தாமு!"

மறுபடி கம்பைப் பிடிக்கக் கூப்பிடுகிறார் என்று புரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, அங்கே இல்லாதவன் மாதிரி இருந்தேன்.

தட்டுவது நின்றது. மெல்ல எழுந்து கதவிலிருந்த கண்ணாடி வழியே பார்த்தேன். ஸ்டான்லி சார் விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு ஷட்டரை முழுக்க ஏற்றியிருந்தார். உள்ளே இருட்டு, வாசலில் மட்டும் வெயில். தன் டிபன் பாக்ஸிலிருந்து லெமன் ரைஸை எடுத்து, பிடி பிடியாக வாசல்வரை தரையில் வைத்துக்கொண்டு போனார். வைக்கும்போதெல்லாம், "டரோ நக்கோ மா, டரோ நக்கோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பயப்படாதே அம்மா, பயப்படாதே.

புறா கீழே இறங்கியது. ஒவ்வொரு பிடியாகச் சாப்பிட்டுக்கொண்டே, பறக்காமல், கெஸ்ட் ஹவுஸ் பந்தியில் சாப்பிட்ட ஆடிட்டர் மாதிரி நிதானமாக நடந்தே வெளியே போனது.

அதன் பிறகு ஸ்டான்லி சார் தானே தரையைச் சுத்தம் செய்தார். இரண்டு டீவியேஷன் ரிப்போர்ட் எழுதினார். வழக்கத்துக்கு மாறாக எது நடந்தாலும் எழுதவேண்டிய அறிக்கை அது. ஒன்று, புறா வந்ததற்கு. இன்னொன்று, கோடவுனுக்குள் சாப்பாடு கொண்டுவந்ததற்காகத் தன்மேலேயே. முதல் ரிப்போர்ட்டில் ஒரு வரி இருந்தது: 'பறவையை வெளியேற்றும் பணியில் இருந்தவர்கள்: ஒருவர்.' அதில் பொய் இல்லை, என் பெயரும் இல்லை. அந்தக் காகிதத்தைப் பைலில் போட்டவன் நான்தான்.

அன்று அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "சாப்டியா?" அவருடைய மதியச் சாப்பாட்டைப் புறா தின்றுவிட்டதால் என் டப்பாவைத் திறந்து இரண்டு பேரும் பகிர்ந்துகொண்டோம். கவுனிங் ரூம் பற்றிப் பத்து வருஷமாக அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

4. ஒரு சின்ன மாற்றம்

இதைத்தான் கதையாக்கினேன். ஸ்டான்லி என்ற பெயரை ஸ்டீபன் என்று மாற்றினேன். அடையாளம் தெரியக் கூடாதல்லவா? லெமன் ரைஸைத் தயிர் சாதமாக்கினேன். இன்னும் ஒரே ஒரு சின்ன மாற்றம் செய்தேன். கதையில் பெஞ்சுக்கு அடியில் ஒளிந்துகொள்வது மேனேஜர் ஸ்டீபன். வாசல்வரை சோறு வைத்துப் புறாவை வெளியே அனுப்புவது அவருக்குக் கீழே வேலை பார்க்கும் ஆபீசர். ஆபீசர் புத்திசாலி, பொறுமைசாலி, ஓரளவு அழகனும்கூட.

கதைக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று எனக்கு நானே ரிப்போர்ட் எழுதிக்கொண்டேன். மேனேஜர் ஒளிந்தால் சிரிப்பு, கீழே இருப்பவன் ஒளிந்தால் அதில் என்ன புதுமை? காரணம் கச்சிதமாக இருந்தது. நான் ஆபீசில் தினமும் நிராகரிக்கும் காரணங்கள் எல்லாமே இந்த அளவுக்குக் கச்சிதமானவைதான்.

கதை ஒரு சிறு பத்திரிகையில் வந்தது. நாலு பேர் போனில் கூப்பிட்டு, மேனேஜர் பெஞ்சுக்கு அடியில் உட்கார்ந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்ததாகச் சொன்னார்கள். சிகந்தராபாத்தில் உள்ள தமிழ்ச் சங்கம் ஒன்று, வரும் ஞாயிறு ஆண்டு விழாவில் அதை மேடையில் வாசிக்கச் சொல்லியிருந்தது. அந்த ஞாயிறுக்கு ஆறு நாள் முன்னால்தான் கோவக்காய்.

5. கேபின்

திங்கட்கிழமை பஸ்ஸில் நான் ஒரு வரியும் எழுதவில்லை. பாலாநகரில் இருபது நிமிஷம் நின்றும் எழுதவில்லை. வெங்கடேஷுக்கே கவலை வந்துவிட்டது. "மலையாளம் ஒத்தா சார் இவாள?" என்றான். இன்றைக்கு மலையாளம் வேண்டாமா என்று அர்த்தம்.

பத்தரை மணிக்கு இன்டர்காம் அடித்தது. ஸ்டான்லி சார் கேபினுக்குக் கதவைத் தட்டாமல் போகிறவன் அந்த ஆபீசில் நான் ஒருவன்தான். அன்று தட்டினேன்.

"ஏ தாமு, கைக்கு தட்டுற? புதுசா? வா, உக்காரு."

மேஜைமேல் என் கதை வந்த பத்திரிகை. ஓரமெல்லாம் மஞ்சள் ஒட்டுக் காகிதம். பக்கத்தில் டைப் செய்து, எண் போட்டு, ஸ்டேபிள் அடித்த இரண்டு தாள். எங்கள் கம்பெனியில் எந்த டாக்குமென்ட் போனாலும் அவரிடமிருந்து ரிவ்யூ கமெண்ட் திரும்பி வரும். இலக்கியத்துக்கும் விலக்கு இல்லை என்று அன்றுதான் தெரிந்தது.

"பிலோமினா வாசிச்சா. ரெண்டு வாட்டி. ரெண்டாவது வாட்டி நான் நோட்ஸ் எடுத்தேன்."

"சார், அது வந்து, கதைன்னா..."

"கதைதான், ஹவ். மொத்தம் பதினாலு கமெண்ட். ஒண்ணு: புறா சாம்பல் கலர்னு போட்டிருக்க. ரிப்போர்ட்ல வெள்ளை, அதுல சாம்பல் புள்ளி."

"சரி சார்."

"மூணு: தயிர் சாதம். கைக்கு? அது லெமன் ரைஸ்."

"தயிர் சாதம்னா தமிழ் வாசகருக்கு ஒரு நெருக்கம் சார்."

"வாசகருக்கு நெருக்கம். புறாவுக்கு? தயிர்ல கால் வச்சா கோடவுன் பூராவும் தடம் வருமே, யார் க்ளீன் பண்றது? ஆறு: மேனேஜருக்குத் தொப்பைன்னு இருக்கு. இது அப்சர்வேஷனா, ஒப்பீனியனா?"

"அப்சர்வேஷன் சார்."

"அப்டின்னா எத்தனை இஞ்ச்? அளக்காம எழுதலாமா? ஒம்பது: பேரு ஸ்டீபன். அவனுக்கு மீசை, மூணு பொண்ணுங்க, பழைய பச்சை ஸ்கூட்டர். தாமு, இது பேர் மாத்துறதா? முகத்துல கர்ச்சீப் கட்டிட்டு ஐடி கார்டு தொங்கவிட்ட மாதிரி இருக்கு."

பதிமூன்றாவது வரை இப்படியே வந்தது. கோபமாகப் பேசியிருந்தால் பதில் தயாராக வைத்திருந்தேன். பஸ்ஸில் அதைத்தான் யோசித்திருந்தேன். படைப்புச் சுதந்திரம் என்ற சொல் அதில் நான்கு இடத்தில் வந்தது. ஒன்றையும் எடுக்க வாய்ப்பே கொடுக்கவில்லை அந்த மனிதர்.

பதினான்காம் எண்ணுக்கு எதிரே ஒன்றுமில்லை. வெறும் வெள்ளை.

"இது என்ன சார்? காலியா இருக்கு."

"அது நீ எழுத வேண்டியது. பண்ணவன்தானே ரூட் காஸ் எழுதணும்?"

நடந்த தவறுக்கு மூல காரணத்தை எங்கள் பிரிவில் அப்படித்தான் சொல்வோம். நான் பேச்சை மாற்றினேன்.

"அக்கா என்ன சார் சொன்னாங்க?"

"'நீங்களா பெஞ்சுக்கு அடியில ஒளிஞ்சீங்க?'ன்னு கேட்டா."

"நீங்க?"

"ரெக்கார்டு பாத்துத்தான் சொல்லணும்னேன்."

வேலை போகாது என்பது அந்த நிமிஷம் தெரிந்துவிட்டது. அதற்குப் பதில் வேறொன்று போகப்போகிறது என்றும் தெரிந்தது. சொந்த மனைவியிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்காத மனிதரை, முன்பின் தெரியாத சில நூறு பேரிடம் நான் பெஞ்சுக்கு அடியில் உட்காரவைத்திருந்தேன். இனிமேல் எத்தனை வருஷம் இங்கே வேலை பார்த்தாலும் இந்தக் கதவைத் தட்டிவிட்டுத்தான் வர வேண்டியிருக்கும்.

எழுந்தேன். "ஞாயித்துக்கிழமை நாங்க ரெண்டு பேரும் வர்றோம்" என்றார். "பிலோமினா முன்வரிசை கேட்டிருக்கா."

6. ஒரே கோடு

வீட்டில் சுகந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெஞ்சு உட்பட. இருபத்தைந்து வருஷக் கல்யாணத்தில் அவளுக்கு அது புதுச் செய்தி.

"அய்யய்ய, நீங்கதானா அது? அப்பவே நெனச்சேன். ஸ்டான்லி சார் மாதிரி ஆளு ஒளிவாரா?" என்றாள். பிறகு, "அது நீங்கன்னா இன்னும் சிரிப்பா இருக்குமேங்க" என்றாள். கட்டிய மனைவி விமர்சகராகவும் அமைவது எல்லாருக்கும் வாய்க்காது.

வேறு கதை வாசித்திருக்கலாம். உடம்பு சரியில்லை என்றிருக்கலாம். புதிதாக டைப் செய்து, பழையது ஒன்று இருந்ததே தெரியாமல் செய்திருக்கலாம். அதற்குப் பெயர் எங்கள் பிரிவில் ஒயிட்னர். சனிக்கிழமைவரை ஐந்து நாளும் பஸ்ஸில், அச்சான பத்திரிகையிலேயே, ஒவ்வொரு இடமாக ஒரே கோடு போட்டுத் திருத்தினேன். கையெழுத்து, தேதி.

ஞாயிறு மாலை ஹாலில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். முன்வரிசையில் பிலோமினா அக்கா பட்டுப்புடவையில். பக்கத்தில் ஸ்டான்லி சார், கைகட்டிக்கொண்டு, ஆடிட் நாள் முகத்தோடு.

நான் மைக்கில் சொன்னேன்: "இந்தக் கதையில் சில திருத்தங்கள் இருக்கின்றன. அடித்ததையும் சேர்த்தே வாசிக்கிறேன்."

வாசித்தேன். "புறா தலைக்கு மேலே பாய்ந்ததும், மேனேஜர் ஸ்டீபன்... இதை அடித்திருக்கிறேன், நான்... கம்பைப் போட்டுவிட்டு ஓடினேன்." ஹாலில் ஒரு சின்னச் சிரிப்பு. "மேனேஜர், அடித்திருக்கிறேன், நான், உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு, இங்கே எதையும் அடிக்கவில்லை, ஏனென்றால் தொப்பை என்னுடையதுதான், முப்பத்தெட்டு இஞ்ச், நேற்று அளந்தது, பெஞ்சுக்கு அடியில் உட்கார்ந்தேன்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு 'அடித்திருக்கிறேன்' வரும்போதும் ஹால் முந்திக்கொண்டு சிரித்தது. நான் எழுதிய எதற்கும் யாரும் அப்படிச் சிரித்ததில்லை. புத்திசாலி ஆபீசரை நான் எவ்வளவோ மெனக்கெட்டு எழுதியிருந்தேன். பெஞ்சுக்கு அடியில் இருந்தவனை எழுதவே தேவைப்படவில்லை, அவன் தானாக வந்தான். பிலோமினா அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவரின் தோளில் தட்டினார்.

"கதவு மூன்று முறை தட்டப்பட்டது. துணைக்கு என்னை வெளியே கூப்பிடுகிறார் என்று தெரிந்தும், அந்த அஞ்சாநெஞ்சருக்கு நான் கதவைத் திறக்கவில்லை" என்று வாசித்தேன்.

ஸ்டான்லி சார் எழுந்து நின்றார்.

"ஒரு கரெக்ஷன்."

என் முழங்கால்கள் கிளம்பத் தயாராயின.

"வெளிய கூப்பிடத் தட்டலடா, நானும் உள்ள வரத்தான் தட்டுனேன்! நீ பாட்டுக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுட்ட. நான் எங்க போறது? அந்தப் பக்கம் புறா, இந்தப் பக்கம் கதவு!"

"சார், ஆனா நீங்க... 'டரோ நக்கோ, டரோ நக்கோ'ன்னு புறாகிட்ட..."

"புறாகிட்டயா? எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்டா!"

அந்தச் சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆனது. யாரோ விசில் அடித்தார்கள். மேடையில் நின்றுகொண்டு நானும் மைக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பத்து வருஷமாக ஒருவன் கதவுக்கு உள்ளேயும் இன்னொருவர் வெளியேயும் அதே பயத்தோடு நின்றிருக்கிறோம். அதில் வெளியே நின்றவர் மட்டும் சோற்றை எடுத்துக்கொண்டு போனார். அந்தக் கதையை நான் ஒரு தடவை தலைகீழாகவும் ஒரு தடவை நேராகவும் எழுதி, இரண்டு தடவையும் முக்கியமான ஆளைக் கேட்காமலே எழுதியிருக்கிறேன்.

7. பதினான்கு

மறுநாள் திங்கட்கிழமை அந்த இரண்டு தாளையும் நிரப்பிக் கொண்டுபோனேன். முதல் பதிமூன்று கமெண்டுக்கும் 'ஏற்கப்பட்டது' என்று எழுதியிருந்தேன். மூன்றாவதுக்கு மட்டும், 'தயிர் சாதம் நீக்கப்பட்டது, வருத்தத்துடன்.'

பதினான்குக்கு எதிரே இங்கிலீஷில் எழுதியதன் தமிழ் இது:

'ரூட் காஸ்: எழுதியவர் தன் பயத்தை வேறொருவர் பெயரில் பதிவு செய்தார். இனி நடக்காமலிருக்க நடவடிக்கை: வெட்கப்படும்படியான பாகத்தை எழுதியவரே எடுத்துக்கொள்வார். மற்றவர் பாகத்தை எழுதுவதற்கு முன், கதவைத் திறந்து கேட்பார்.'

அனுபவத்தைக் கதையாக்குவது எப்படி என்று கேட்ட இரண்டு பேருக்கும் எனக்குத் தெரிந்த பதில் அவ்வளவுதான். அதற்குமேல் தெரிந்திருந்தால் நானும் பெரிய எழுத்தாளனாகியிருப்பேன்.

ஸ்டான்லி சார் அதை நிதானமாகப் படித்தார். பேனாவைத் திறந்து அடியில் 'க்ளோஸ்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு டிபன் பாக்ஸை என் பக்கம் தள்ளினார்.

"பிலோமினா குடுத்துவிட்டா. உனக்காம்."

திறந்தேன். லெமன் ரைஸ்.

"சார், தட்டாமலே உள்ள வந்துட்டேன்" என்றேன்.

"பாத்தேன். ஹவ். சாப்டு."